பெண் வந்த வண்டியின் அச்சு

“பொண்ணு வந்து எறங்குனதும், அவ வந்த வண்டியோட அச்ச மாப்ள ஊட்டு வாசல்லயே போட்டுக் கொளுத்திருவாங்களாம்ப்பா.”

பூந்தமல்லியில் கிளம்பிய ஷேர் ஆட்டோவில், ஓட்டுகிறவர் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்திருந்த பெண் சொன்னாள். கழுத்தில் புது மஞ்சள் கயிறு. ஓட்டுகிறவர் அவளுடைய அப்பா. பின்னால் நெருக்கிக்கொண்டு நாங்கள்.

“எந்த ஊர்லம்மா?”

“அந்தக் காலத்து கிரீஸ்ல. அங்க ஒரு பக்கம் அப்படிப் பழக்கம். என் பாடத்துல வருது.”

“இன்னாத்துக்குக் கொளுத்தறான்?”

“இனிமே பொறந்த ஊட்டுக்குத் திரும்பிப் போக முடியாதுன்னு அவளுக்குக் காட்டத்தான்.”

அவர் ஒரு லாரிக்கு வழிவிட்டார்.

“வண்டி இல்லன்னா இன்னா? அவ அப்பன் நடந்து போயி இட்டுகினு வர மாட்டானா?”

“அதெல்லாம் புக்குல போடலப்பா.”

வேலப்பன்சாவடியில், நூம்பலுக்குத் திரும்பும் இடத்தில், மாமியார் வீட்டுக்குப் போக அவள் பையோடு இறங்கினாள். அவர் இன்ஜினை அணைத்தார். சாவிக்கொத்தை உருவி, வளையத்தை நகத்தால் நெம்ப ஆரம்பித்தார். எங்களில் ஒருவர் நேரமாகிறது என்றார். அவரை யாரும் கண்டுகொள்ளவில்லை. ஒரு சாவி தனியாக வந்தது.

“நம்ம சேக்காட்டு ஊட்டு சாவி. வெச்சிக்கோ.”

“அப்ப உனக்கு?”

“நான் தட்டுனா உங்கம்மா தெறப்பா. நீ வந்தா தட்டிகினு நிக்கக் கூடாது.”