அண்ணியின் இடுப்பு

செருப்பு தேய்ந்திருப்பதை வைத்தே ஒருவருடைய நடையைச் சொல்லிவிடுவேன் ஐயா. உங்களுக்கு இடது குதிகால் வெளிப்பக்கம் தேய்கிறது. பயப்பட ஒன்றுமில்லை.

ஜிம்மில் என் வேலையே அதுதான். வருகிறவர்களைக் கையைத் தலைக்கு மேல் தூக்கி, உட்கார்ந்து எழச் சொல்வேன். முட்டி உள்ளே சரிகிறதா, குதிகால் எழும்புகிறதா என்று பார்த்து அதற்கேற்ற பயிற்சி கொடுப்பேன். கோணல் உடம்பைக் கண்டால் எனக்குக் குமட்டும், சோற்றில் முடி கிடப்பது மாதிரி.

அண்ணிக்குப் பிறவியிலேயே ஒரு கால் சற்றுக் குட்டை. இடுப்பை வெட்டி வெட்டி நடப்பார். வலி என்று ஒருநாளும் சொன்னதில்லை. ஒருநாள் ஜிம்முக்கு எனக்குச் சாப்பாடு கொண்டுவந்தவர் படியேறுவதைப் பார்த்து ஒருவன், "மாஸ்டர், ஊரையே நிமிர்த்துறீங்க, வீட்டை விட்டுட்டீங்களே" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். அண்ணியும்தான்.

"என்னை நிமிர்த்தி இனிமே யாருக்குக் கட்டிக் கொடுக்கப் போறீங்க தம்பி?" என்றார். ஆனாலும் வந்தார். நான் கேட்டு அவர் எதையும் மறுத்ததில்லை.

செருப்புக்குள் ஓர் அட்டை வைத்தால் போதும் என்பது எனக்குத் தெரியும். இடுப்பு சாய்ந்து கொடுத்ததால்தான் முதுகு பிழைத்திருந்தது என்பதும் தெரியும். ஆனால் அட்டை வைப்பதை ஜிம் விளம்பர வீடியோவில் போட்டால் யார் பார்ப்பார்கள்? இடுப்பை நேராக இறுக்கிப் பிடிக்கச் சொல்லி, தோளில் எடை ஏற்றினேன்.

வீடியோ எடுக்கும் நாள் காலையில் தனியாகக் கூப்பிட்டார். "தம்பி, சொல்லவே கூச்சமா இருக்கு. உட்காருற இடமெல்லாம் மரத்துப் போச்சு. ஒண்ணுக்குப் போறதே தெரிய மாட்டேங்குது."

எங்கள் படிப்பில் அதைத்தான் முதலில் சொல்லித்தருவார்கள். முதுகின் அடியில் நரம்பு நசுங்குகிறது, அந்த நிமிடமே ஆஸ்பத்திரி, தாமதித்தால் திரும்பாது.

"சூடு அண்ணி. தண்ணி நிறையக் குடிங்க. அண்ணன்கிட்ட சொல்லாதீங்க, பயந்துடுவார்" என்றேன்.

மாலையில் எடையைத் தூக்கவைத்தேன். பாதியில் அவருடைய உடை நனைந்தது. எனக்கு அருவருப்பாகிவிட்டது. மாற்றிக்கொண்டு வரச் சொல்லி மறுபடி எடுத்தேன். நீங்கள் பார்த்தது அந்த இரண்டாவது வீடியோ.

இப்போது அண்ணன்தான் அவரைப் புரட்டிக் கழுவிவிடுகிறார். நான் அந்த அறைப்பக்கம் போவதில்லை, நாற்றம் தாங்காது. ஆஸ்பத்திரியில் மட்டும் ஒருமுறை பார்த்தேன். கட்டிலருகே அண்ணன் கேட்டார்: "அவ உன்கிட்ட முன்னாடியே ஏதாவது சொன்னாளாடா?"

"ஒண்ணும் சொல்லலண்ணே."

அண்ணி என்னையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். வாய் திறக்கவில்லை. ஒருவர் செய்த நல்லதை மறக்காத மனசு ஐயா அவருக்கு.