முதுகில் உறுத்தாத தையல்

எங்கள் பெரியக்காவே, இந்த மருத்துவமனையின் சலவைப் பிரிவை இருபத்தாறு ஆண்டுகள் கட்டிக்காத்தவரே, நீராவிக்கும் இரைச்சலுக்கும் நடுவே நிலைகுலையாமல் நின்ற நிதானமே, சத்தம் போடாமலே சகலரையும் வேலை செய்ய வைத்த சாமர்த்தியமே, அன்பு வணக்கம்.

விடைபெறும் நாளில் புகழ்வதுதான் முறை. நாங்களோ உங்கள் தவறு ஒன்றிலிருந்து தொடங்குகிறோம். நீங்கள் கோபித்துக்கொள்ள மாட்டீர்கள். அதை எங்களிடம் அதிகம் சொல்லிச் சிரித்தவரே நீங்கள்தானே.

பதினோரு ஆண்டுகளுக்கு முன் ஒரு திங்கட்கிழமை, சுவரில் வெள்ளைப் பலகை ஒன்றை மாட்டினீர்கள். யார் எத்தனை துணி முடித்தார்கள் என்று தினமும் அதில் எழுதப்படும், வார இறுதியில் முதலிடத்துக்குக் கைதட்டல் உண்டு என்றீர்கள். எங்களுக்கும் உற்சாகம்தான். மடிக்கும் பெண்கள் பறந்தார்கள். இஸ்திரி அண்ணன் தலையணை உறைகளாகப் பார்த்துப் பொறுக்கினார். பெரிய விரிப்புகளெல்லாம் மூலையில் மலையாகக் குவிந்தன. ஈரம் காயாமலே மடிப்பு நடந்தது. எண்கள் மட்டும் ஏறிக்கொண்டே போயின.

பலகையின் கடைசி வரியில் ஒரே ஒருத்தி நிரந்தரமாகக் குடியிருந்தாள். எங்கள் தையல்காரி. விரிப்பின் நடுவே கிழிந்திருந்தால் அவள் ஒட்டுப் போட மாட்டாள். கிழிந்த பகுதியை வெட்டியெடுத்துவிட்டு, மிச்சத்தை நான்கு பக்கமும் மடித்துத் தைத்து, குழந்தைகள் கட்டிலுக்கு விரிப்பாக்குவாள். ஒட்டுக்கு ஐந்து நிமிடம் போதும். இதற்கு அரை மணி ஆகும். மற்றவர்களுக்கு நேரே இருநூறு, முந்நூறு என்றிருக்க, அவளுக்கு நேரே பதினான்கு.

யாரும் அவளை ஒன்றும் சொல்லவில்லை. "என்ன, இன்னைக்கும் கடைசி பெஞ்சா?" என்று சலவை இயந்திரம் ஓட்டும் மெஷின் மாமா கேட்டது வெறும் கேலிதான். ஆனால் அன்று வீட்டுக்குப் போன அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கணவர் கேட்டதற்குத் தலைவலி என்றாள். மறுநாள் காலை வந்ததும் கிழிந்த இடத்திலேயே, நட்ட நடுவில், சதுரம் சதுரமாக ஒட்டுப் போட ஆரம்பித்தாள். மாலைக்குள் எழுபது. ஒரே நாளில் ஐந்து மடங்கு. வாழ்க்கையில் முதன்முறையாகத் தன் வேலையைப் பார்க்க அவளுக்கே பிடிக்கவில்லை.

நான்காம் நாள் ஒரு விரிப்பு திரும்பி வந்தது. செவிலியர் ஒருவர் அதில் சீட்டுக் குத்தியிருந்தார்: "மாதக்கணக்காகப் படுத்திருப்பவர். ஒட்டின் விளிம்பு முதுகில் உறுத்திப் புண்ணாகிவிட்டது." படித்த தையல்காரி கைகழுவும் இடத்தில் போய் நின்று அழுதாள். பிறகு ராஜினாமா எழுதிக்கொண்டு உங்கள் அறைக்கு வந்தாள்.

"நான் வேணும்னே பண்ணலக்கா. ஆனா பண்ணிட்டேன். இனிமே ஊசியத் தொட மாட்டேன்."

நீங்கள் கடிதத்தைப் பிரிக்கவில்லை. சீட்டை மட்டும் கேட்டு வாங்கி இரண்டு முறை படித்தீர்கள்.

"இது உனக்கு வந்ததில்லம்மா. எனக்கு வந்தது."

வெளியே வந்து, எல்லோர் முன்னிலையிலும் பலகையை ஆணியோடு பிடுங்கினீர்கள். பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு ஒவ்வொருவரிடமும் போய் உட்கார்ந்தீர்கள். "வேலைக்கு வர்றதுல உனக்கு எது பிடிக்கும், எது கசக்கும்?" இப்படி ஒரு கேள்வியை எங்களிடம் யாரும் கேட்டதில்லை. இஸ்திரி அண்ணனுக்கு ரேடியோ வேண்டியிருந்தது. மடிக்கும் பெண் ஒருத்திக்கு நாலு மணிக்குப் பிள்ளையைக் கூட்டிவரப் போக வேண்டியிருந்தது. "என்னை யாரும் ஒண்ணும் கேக்காம இருந்தாலே நான் நல்லா வேலை பாப்பேன்" என்றார் மெஷின் மாமா. அந்த வரத்தையும் கொடுத்தீர்கள்.

தையல்காரி கேட்டது ஒன்றே ஒன்று. "நான் தைச்சது சரியா இருக்கான்னு படுத்திருக்கிறவங்ககிட்ட கேக்கணும்." அன்று முதல் வாரத்தில் ஒருநாள் அவள் வார்டுக்குப் போய்வர வழி செய்தீர்கள். முதலில் அந்த நோயாளியிடம்தான் போனாள். மன்னிப்புக் கேட்டுவிட்டு, ஒட்டில்லாத விரிப்பைத் தன் கையாலேயே விரித்தாள். ராஜினாமாவைத் திருப்பிக் கேட்கவும் இல்லை, நீங்கள் கொடுக்கவும் இல்லை.

பெரியக்கா, ஒரே சாவியால் எல்லாப் பூட்டையும் திறக்கப் பார்க்கிறவர்களைத்தான் நாங்கள் நிறையப் பார்த்திருக்கிறோம். நீங்கள் ஒவ்வொரு பூட்டுக்கும் குனிந்து பார்த்தவர்.

இனி, இந்த மடலின் முக்கியமான செய்தி. உங்கள் நாற்காலிக்கு நீங்கள் பரிந்துரைத்தது தையல்காரியைத்தான். ஆறு வாரமாக அவள் "ஊசி பிடிச்ச கைக்கு அதிகாரம் எதுக்கு?" என்றே நழுவினாள். அவள் மறுத்தால், வெளியிலிருந்து வரும் புதியவர் சுவரில் என்ன மாட்டுவாரோ என்று எங்களுக்குக் கலக்கம்.

நேற்று மதியம், நீங்கள் மேலே கணக்கெடுப்பில் இருந்தபோது, குழந்தைகள் வார்டிலிருந்து விரிப்பு கேட்டுத் தொலைபேசி மேல் தொலைபேசி. புதிதாகச் சேர்ந்த தையல்காரர், நரைத்த மனிதர், பதறிப்போய் நடுவில் ஒட்டு வைக்கத் தொடங்கினார். இவள் எழுந்து போய் அவர் மெஷினை நிறுத்தினாள். தொலைபேசியை எடுத்தாள்.

"அரை மணி ஆகுங்க. தாமதம் புதுத் தையல்காரரால இல்ல, என்னால."

வைத்துவிட்டுத் திரும்பியவள், நாங்கள் எல்லோரும் தன்னையே பார்ப்பதைக் கண்டு முகம் சிவந்தாள். மாலையில் இந்த மடல் எழுதும் இடத்துக்கு வந்து, "சரின்னு சொல்லிட்டேன்னு இதுலயே எழுதிடுங்க. நேர்ல சொன்னா அக்காவும் அழுவாங்க, நானும் அழுவேன்" என்றாள்.

எழுதிவிட்டோம், அக்கா.

நோயின்றி, அவசரமின்றி, பிள்ளைகள் பேரப்பிள்ளைகள் சூழ, விடிந்த பிறகும் தூங்கி எழும் சுகத்தோடு நீங்கள் நெடுங்காலம் வாழ வேண்டும். எங்கள் மனம் நிறைந்த ஆசை அதுவே.

இப்படிக்கு,
உங்கள் சலவைப் பிரிவார் அனைவரும்.

முதல் கையெழுத்து: தையல்காரி, நாளை முதல் மேற்பார்வையாளர்.