முன்சக்கரத்து வால்வு

காபி நன்றாக இருக்கிறது மேடம். சர்க்கரைதான் கொஞ்சம் தூக்கல். எங்கள் கிரான்ஸ்கா கோரா ஊரில் யாரும் இவ்வளவு போட மாட்டார்கள்.

நான் சைக்கிள் கடை திறந்த காலத்திலிருந்து என் கூட்டாளி காஷ்பெரின் சைக்கிளை வேறு யாரும் தொட்டதில்லை. ஞாயிறு காலையில் நாங்கள் இருவரும் விர்ஷிச் கணவாய்க்கு ஏறுவோம். மேலே குடிலில் முட்டைக்கோஸும் பீன்ஸும் போட்ட யோட்டா சூப் குடித்துவிட்டு இறங்குவோம். எனக்குப் பெண்டாட்டி பிள்ளை கிடையாது. ஞாயிற்றுக்கிழமை இருந்தது, அதுவே போதும் என்று இருந்தேன்.

இந்த வசந்தத்தில் அவன் டியூப்லெஸ் சக்கரங்கள் வாங்கினான். உள்ளே டியூப் கிடையாது. டயரும் ரிம்மும் அதன்மேல் ஒட்டிய டேப்பும்தான் காற்றைப் பிடித்து வைக்க வேண்டும். முன்சக்கரத்தில் வால்வின் அடியில் கசிந்தது. சோப்புத் தண்ணீர் தடவினால் குமிழி குமிழியாக வந்தது. வால்வு நட்டைக் குறட்டால் இறுக்கினேன். மறுபடி கசிந்தது, இன்னும் இறுக்கினேன். எனக்குத் தெரிந்த வைத்தியம் அதுதான்.

பிறகு ஷ்பேலா வந்தாள். தபால் நிலையத்துக்கு எதிரே புதிதாக சைக்கிள் கடை போட்டவள். காஷ்பெர் என்னிடம் சொல்லாமல் சக்கரத்தை அவளிடம் காட்டியிருக்கிறான். சொல்லாமல் போனவன், வந்து சிரித்துக்கொண்டே சொன்னான்.

“டேய் வின்கோ, ஒரு பார்வைதான்டா பார்த்தா. ‘எந்தக் கரடி இதை இறுக்குச்சு’ன்னு கேட்டா.”

“நீ என்ன சொன்ன?”

“கரடி பேரை நான் ஏன்டா சொல்றேன்? கூட்டாளியாச்சே. குறடே போடக்கூடாதாம். போட்டா வால்வு ரப்பர் நசுங்கி டேப்பைக் கிழிச்சிடுமாம். புது டேப் ஒட்டி, விரலாலேயே திருகிக் குடுத்தா. ஒரு குமிழி வரணுமே!”

நானும் சிரித்தேன். அதற்குப் பிறகு சனிக்கிழமைதோறும் சக்கரத்தைச் சரிபார்க்க, செயினுக்கு எண்ணெய் போடக்கூட அவளிடம்தான் போனான். என் கடை வாசல் வழியாகத்தான் போவான், கையை வேறு ஆட்டுவான். வயிறு எரிந்தது மேடம். உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது? அதையும் பொறுத்துக்கொண்டேன். ஒரு நாள் வந்து, “வர்ற ஞாயிறு இல்ல, அதுக்கு அடுத்த ஞாயிறு ஷ்பேலாவும் நம்மளோட வர்றா. பிரமாதமா ஏறுவாளாம். நீ பின்னாடி மூச்சு வாங்கிக்கிட்டு வா” என்றான். எனக்கும் அவனுக்கும் மட்டும் மிச்சமிருந்தது ஒரே ஒரு ஞாயிறு.

அந்த ஞாயிறு காலையில் என் கடைச் சுவரில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு எதிரே பேக்கரியில் பூரெக் வாங்கப் போனான். நான் குறடு எடுத்து அந்த நட்டைக் கொஞ்சம் திருகினேன். முன்பு என் கையில் எப்படி இருந்ததோ அப்படியே ஆக்கினேன், அவ்வளவுதான். காற்று இறங்கும், அவளைத் திட்டுவான், என்னிடம் திரும்பி வருவான். இதில் கெட்ட எண்ணம் எங்கே இருக்கிறது, சொல்லுங்கள்.

ஏறும்போது பாரமெல்லாம் பின்சக்கரத்தில். முன்சக்கரம் கொஞ்சம் மெலிந்தாலும் ஓட்டுகிறவனுக்குத் தெரியாது. குடிலில் அவன் சீக்கிரம் கிளம்பலாம் என்றான். நான்தான் இன்னொரு கிண்ணம் சூப் சொன்னேன். பசி.

எங்கள் இருவருக்கும் ஒரு பழக்கம் உண்டு. இறங்கும் முன் அவன் என் முன்டயரைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்ப்பான், நான் அவனுடையதை. களைத்த மனிதன் தன் சைக்கிளைத் தானே சரியாகப் பார்க்க மாட்டான் என்பது அவன் கண்டுபிடித்த சட்டம். அமுக்கினேன். பிசைந்த மாவு போல விரல் உள்ளே போனது.

“எப்படிடா இருக்கு?”

“கல்லு மாதிரி இருக்கு. போ.”

“ஷ்பேலா கைன்னா சும்மாவா!” என்று பெடலை மிதித்தான்.

அவன் அந்த வார்த்தையைச் சொல்லாமல் இருந்திருந்தால் கூப்பிட்டு நிறுத்தியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். வடபுறத்து வளைவுகளில் கல் பாவியிருப்பது உங்களுக்கே தெரியும். இரண்டாவது வளைவில் டயர் ரிம்மை விட்டுக் கழன்றது. பள்ளத்தின் ஓரச் சுவர் முழங்கால் உயரம்தான். நான் மெதுவாக இறங்கி வந்து, நின்று, போன் செய்தேன்.

காஷ்பெரின் சாவுக்கு ஊர் முழுக்க ஷ்பேலாவைத்தான் சொன்னது. அவளும் தன் கைதான் பிசகிவிட்டது என்று நம்பிக் கடையைப் பூட்டிவிட்டாள். அவளிடம் போனவர்கள் ஒவ்வொருவராக என்னிடம் திரும்பினார்கள். நான் பேசாமலே இருந்திருப்பேன் மேடம்.

ஆனால் நேற்று உங்கள் போலீஸ் நிபுணர் என் முன்னாலேயே சொன்னாரே, அந்தப் பெண் கவனமில்லாமல் அதிகமாக இறுக்கிவிட்டாள், உச்சிவரை காற்று நின்றது வெறும் தற்செயல் என்று. அதைக் கேட்ட பிறகு எனக்குத் தூக்கம் வரவில்லை. ஏற்றம் முழுக்கக் காற்று நிற்க வேண்டும், சூப் குடிக்கும் நேரத்தில் மெலிய வேண்டும், இறக்கத்தில் கைவிட வேண்டும். அதற்கு எவ்வளவு திருக வேண்டும் என்பது சும்மா வருமா? அந்த வாரம் முழுக்கக் கடைக் கதவைச் சாத்திக்கொண்டு வேறொரு சக்கரத்தில் திருகித் திருகிப் பார்த்தேன். விரலால் நட்டுத் திருகுகிறவளுக்கு அந்தக் கணக்கு ஏழு ஜென்மத்துக்கும் வராது. அது என் வேலை மேடம். அதையும் அவள் பெயரில் எழுதிவிடாதீர்கள்.