கவனக்குறைவு அல்ல

ஐயா, உங்கள் விசாரணை அறிக்கை நன்றாகவே எழுதப்பட்டிருக்கிறது. அரசாங்க அறிக்கைகளில் ஒரு வாக்கியம் பக்கத்தின் தலையில் புறப்பட்டால் அடியில் வந்துதான் மூச்சு விடும். உங்களுடையது அப்படியில்லை. படங்களுக்கு எண் சரியாக இருக்கிறது, இணைப்புகள் சொன்ன இடத்தில் இருக்கின்றன. இதையே பிழைப்பாகச் செய்தவள் சொல்கிறேன், குறை என்று ஒரே ஒரு இடம்தான். முடிவுரையில், "இறுதியாகச் சரிபார்த்த திருமதி ஞானசௌந்தரியின் கவனக்குறைவால் எச்சரிக்கைப் பத்தி விடுபட்டது" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கவனக்குறைவு என்பது தவறு. அதைத் திருத்தத்தான் இதை என் கைப்பட எழுதித் தருகிறேன்.

எங்கள் சபையைச் சேர்ந்த ஆபேல்தான் என் வக்கீல். அவர் தலையில் அடித்துக்கொள்கிறார். "அக்கா, அந்த வார்த்தை உங்களுக்கு நல்லதுதானே? கவனக்குறைவுன்னா லேசா முடிஞ்சிடும். சும்மா இருக்கிறத ஏன் கிளறுறீங்க?" என்றார். சட்டம் அவருக்குத் தெரியும். ஆனால் தப்பாக அச்சான ஒன்றைத் தெரிந்தே விட்டுவைப்பது எனக்குப் பழக்கமில்லை. ஒரே ஒரு முறைதான் அப்படிச் செய்திருக்கிறேன். அதைத்தான் சொல்ல வருகிறேன்.

மேற்குத் தாம்பரத்தில் பள்ளி ஆசிரியையாக இருந்துவிட்டு, திருமுடிவாக்கம் தொழிற்பேட்டையில் ஹைட்ராலிக் பிரஸ் செய்யும் கம்பெனிக்கு வந்தவள் நான். எண்ணெயின் அழுத்தத்தால் இரும்புத் தகட்டை வளைக்கிற இயந்திரம் அது. இயந்திரத்தோடு கூடப் போகும் கையேட்டைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதித் தருவது என் வேலை. எப்படி ஓட்டுவது, எப்படி நிறுத்துவது, எதைத் தொடக்கூடாது எல்லாம் அதில் இருக்கும். ஆனால் யார் படிக்கிறார்கள்? பட்டறைகளுக்குப் போய்ப் பார்த்திருக்கிறேன். பிளாஸ்டிக் உறை பிரிக்காமலே கிடக்கும், இல்லாவிட்டால் அதன்மேல் டீ கிளாஸ் வட்டம் வட்டமாகத் தடம் பதித்திருக்கும். "ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாதுங்க மேடம்" என்று என் முகத்துக்கு நேரேயே சொன்னவர்கள் உண்டு.

சக்திவேல் மட்டும் படிப்பான். எங்கள் சர்வீஸ் பிரிவில் இருந்தான், வீடு முடிச்சூரில். பழுது பார்க்கப் போகும் இடத்தில் முதலில் கையேட்டை விரித்து வைத்துக்கொண்டுதான் ஸ்பேனரை எடுப்பான். கூட வேலை செய்கிறவர்கள் அவனை வாத்தியார் என்று கேலி செய்வார்கள். தப்பு இருந்தால் நேரே என்னைக் கூப்பிடுவான். "மேடம், ஏழாவது ஸ்டெப்புல வால்வு லெஃப்ட்லன்னு போட்டுகீறீங்க. இங்க ரைட்ல கீது. நான் மிஷின் எதிர்லதான் நின்னுகினு இருக்கேன்." திருத்திவிட்டு நானே திரும்ப அழைத்துச் சொல்வேன். எழுதுகிறவளுக்கு அப்படி ஒரு வாசகன் இருந்தால் போதும் என்று நினைத்திருந்தேன்.

மென்பொருளைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். அறிக்கையில் அந்தப் பகுதியை அவசரமாகக் கடந்துவிட்டீர்கள். எங்களிடம் ஒரே ஒரு மூலக் கோப்புதான். அதிலிருந்துதான் ஓட்டுநருக்கான புத்தகம், சர்வீஸ்காரருக்கான புத்தகம், இயந்திரத்தின் உடம்பில் ஒட்டும் எச்சரிக்கை ஸ்டிக்கர் மூன்றும் வரும். எது எங்கே வர வேண்டும் என்பதற்கு ஒவ்வொரு பத்திக்கும் ஒரு நிறம் கொடுத்து வைப்போம். பச்சை ஓட்டுநருக்கு, நீலம் சர்வீஸுக்கு, சிவப்பு எல்லாவற்றிலும். இன்னும் முடிவாகாத பத்திக்குச் சாம்பல் நிறம், அது எதிலும் அச்சாகாது. பொத்தானை அழுத்தினால் மென்பொருளே பிரித்து அச்சுக்குத் தயாராக்கிவிடும்.

சொல்லும்போது சுலபமாகத்தான் இருக்கிறது. அழுத்திய பிறகுதான் தெரியும் சங்கதி. தமிழ் எழுத்தில் கொம்பு ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமும் பிய்த்துக்கொண்டு நிற்கும். 'கீழுள்ள படத்தைப் பார்க்க' என்று போட்டிருப்போம், படம் அடுத்த பக்கத்துக்கு ஓடியிருக்கும். ஒரு படியை நடுவில் நுழைத்தால் பின்னால் வரும் எண்கள் எல்லாம் கலைந்துபோகும். அதனால் நான் எப்போதும் காகிதத்தில் அச்செடுத்து, வரிக்கு அடியில் ஸ்கேலை வைத்து, மூலத்தோடு ஒப்பிட்டு வாய்விட்டுப் படிப்பேன். நேரம் பிடிக்கத்தான் செய்யும். என் கையைத் தாண்டிப்போன புத்தகத்தில் ஆளைக் காயப்படுத்தும் பிழை இருந்ததே இல்லை.

அனுப்பிரியா வேலைக்குச் சேர்ந்தபோது அவளுக்கு ஒரு எச்சரிக்கை வாக்கியம் எழுத வராது. 'மூடியைத் திற' என்று ஆரம்பித்து, 'உள்ளே சூடான எண்ணெய் இருக்கும்' என்று முடிப்பாள். ஆபத்தை முதலில் சொல், வேலையைப் பிறகு சொல், படிக்கிறவன் பாதியில் கையை நீட்டிவிடுவான் என்று சொல்லிக் கொடுத்தவள் நான். மாமியாரோடு சண்டை போட்டுக்கொண்டு வந்தபோது எங்கள் வீட்டில்தான் தங்கினாள். பண்டிகைக்கு எனக்கென்று புடவை எடுக்கும்போது அவளுக்கும் ஒன்று எடுப்பேன். எனக்குப் பிள்ளை இல்லை. இதை அனுதாபத்துக்காகச் சொல்லவில்லை, நிலவரம் தெரிய வேண்டும் என்று சொல்கிறேன்.

அந்த மென்பொருளின் புதிய பதிப்பு வந்ததும் மேனேஜர் பத்ரிநாராயணன் சார் எங்கள் பிரிவைக் கூட்டிப் பேசினார். வேலை ஏன் தாமதமாகிறது என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அனுப்பிரியா சொன்னாள்: "அக்கா ஸ்கேல் வெச்சுப் படிக்கிறதுலயே பாதி டைம் போயிடுது சார். இதுல ஆட்டோ செக் இருக்கு. அதுக்குன்னு தனியா ஒரு ஆள் தேவையில்ல."

ஆள் என்றாள். சார் சிரித்தார், அவளும் சிரித்தாள். அந்த வாரமே என்னைத் தனியாக அழைத்து, புதிய மாடலின் கையேடு முடியும்வரை இருங்கள், அதற்குப் பிறகு ஓய்வு எடுத்துக்கொள்ளுங்கள் என்று சார் சொல்லிவிட்டார். இதைப் பற்றி அவளிடம் ஏற்கெனவே பேசியிருந்தாராம். அவளுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டே மத்தியானம் என் டிபன் பாக்ஸிலிருந்து நெத்திலி வறுவலை எடுத்துத் தின்றிருக்கிறாள். வளர்த்த கடா மார்பில் பாயும் என்பார்கள். பாயும்போது கூட அவ்வளவு வலிக்காது. பாயப்போவதை மறைத்துக்கொண்டு கையிலிருந்து தழை தின்றதே, அதுதான் எனக்கு வலித்தது. வீட்டுக்கு வந்து குக்கர் விசிலுக்குக் காத்திருந்த நேரத்தில் அழுதேன். பிறகு அழவில்லை.

மென்பொருளை நம்பினால் என்ன ஆகும் என்பதை அவர்களுக்குக் காட்ட வேண்டும் என்று தோன்றியது. இதில் நியாயம் இல்லை என்று நீங்கள் சொல்ல முடியாது. சின்னப் பிழையாக இருந்தால் யாரும் கவனிக்க மாட்டார்கள், ஏனென்றால் யாரும் படிப்பதில்லை. படிக்கிற ஒருவன் சக்திவேல். ஆகவே சக்திவேலின் கண்ணில் படும் பிழையாக இருக்க வேண்டும், அதுவும் பத்ரிநாராயணன் சாரை உலுக்கும் பிழையாக இருக்க வேண்டும். இப்படித்தான் நான் யோசித்தேன், நிதானமாகவே யோசித்தேன்.

புதிய மாடலில் பின்பக்கம் ஒரு சிலிண்டர் சேர்த்திருந்தார்கள். மோட்டாரை நிறுத்தினால் முன்னால் இருக்கும் மீட்டரின் முள் பூஜ்யத்துக்கு வந்துவிடும். ஆனால் பின்பக்க சிலிண்டரில் எண்ணெய் முழு அழுத்தத்தோடு அப்படியே நிற்கும். பழைய மாடல்களில் இது கிடையாது, எனவே எவ்வளவு அனுபவம் இருந்தாலும் சொன்னால்தான் தெரியும். நான் எழுதியிருந்த பத்தி இது: 'மீட்டர் பூஜ்யம் காட்டினாலும் நம்ப வேண்டாம். பின்பக்க சிலிண்டரில் அழுத்தம் இருக்கும். கழிவு வால்வைத் திறந்து, எண்ணெய் முழுவதும் தொட்டிக்குத் திரும்பும்வரை காத்திருக்கவும். அதன் பிறகே பைப்பைக் கழற்றவும்.' ஆபத்து முதலில், வேலை பிறகு. நான் எழுதியவற்றில் நல்ல பத்தி என்றால் இதைத்தான் சொல்வேன். வரைவை அச்செடுத்து சக்திவேலிடம் முன்பே கொடுத்திருந்தேன். "சூப்பரா கீது மேடம், புரியுது" என்று சொல்லியிருந்தான்.

கடைசி அச்சுப் பிரதியை என் மேசையில் வைத்துவிட்டு, "சும்மா ஒரு பார்வை பார்த்துடுங்கக்கா. ஆட்டோ செக்ல எல்லாம் க்ளீன்" என்றாள் அனுப்பிரியா. நான் ஸ்கேலை வைத்துப் படித்தேன். அந்தப் பத்தி இல்லை. அது இல்லை என்பதைப் பார்த்தேன். நீங்கள் எழுதியதுபோல நான் கவனிக்காமல் போகவில்லை. சாயங்காலம் அவள் வந்து, "பார்த்துட்டீங்களாக்கா?" என்று கேட்டபோது, "பார்த்துட்டேன்" என்றேன். பொய் சொல்லவில்லை.

பத்தி எப்படிக் காணாமல் போனது என்பதற்கு, பதிப்பு மாறியபோது நிறக்குறி கலைந்திருக்கலாம் என்று நிபுணர் கருத்து ஒன்றைச் சேர்த்திருக்கிறீர்கள். பாவம், அவர் நல்ல மனதோடு சொல்லியிருக்கிறார். நிறம் எதுவும் கலையவில்லை. முந்தின நாள் அனுப்பிரியா டீ குடிக்கப் போயிருந்தபோது அவளுடைய கணினியில் உட்கார்ந்து அந்த ஒரு பத்தியின் சிவப்பைச் சாம்பலாக மாற்றியது நான். ஆட்டோ செக் உடைந்த எழுத்தைப் பிடிக்கும், ஓடிப்போன படத்தைப் பிடிக்கும். இருப்பதைத்தான் அது சரிபார்க்கும், இல்லாததைக் கேட்காது. ஓர் இடத்தில் மறைத்தால் மூன்றிலும் மறையும் என்பதும் எனக்குத் தெரியும். ஸ்டிக்கரிலும் அந்த வரி இல்லை என்பதை ஒட்டுவதற்கு முன்பே பார்த்தேன்.

புத்தகம் அச்சாகி வந்தது. அட்டையின் பின்னால் 'தயாரித்தவர்: அனுப்பிரியா' என்று பெரிதாகவும், 'சரிபார்த்தவர்: ஞானசௌந்தரி' என்று சிறிதாகவும் இருந்தது. பல்லாவரம் பக்கம் ஒரு பட்டறையில் புதிய மாடலில் எண்ணெய் கசிகிறது என்று சக்திவேலை அனுப்பினார்கள். போகும் வழியில் என் மேசைக்கு வந்து புத்தகத்தை வாங்கிக்கொண்டான். "புதுப் புக்கா மேடம்? வாசனையா கீது" என்றான். "படிச்சுட்டு சொல்லு" என்றேன்.

அப்போது சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். சொன்னால் அது நான் கண்டுபிடித்ததாகிவிடும், கிழவிக்குப் பொறாமை என்று அனுப்பிரியா சொல்லிவிடுவாள். அவன் கண்டுபிடித்ததாக இருக்க வேண்டும். 'மேடம், ஒண்ணு வுட்டுட்டீங்களே' என்று பட்டறையிலிருந்து கூப்பிடுவான். ஸ்பீக்கரில் போட்டு சாரையும் கேட்கவைக்கலாம் என்று போனை மேசைமேல் எடுத்து வைத்துக்கொண்டு காத்திருந்தேன். அவன் எப்போதும் கூப்பிடுகிறவன்தானே. போன் அடித்தது. எடுத்தால் பத்ரிநாராயணன் சார் பேசினார்.

பைப்பைக் கழற்றியதும் உள்ளே நின்ற அழுத்தத்தில் அது தெறித்து சக்திவேலின் நெஞ்சில் அடித்திருக்கிறது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே முடிந்துவிட்டதாம். முடிச்சூருக்கு மாலையோடு போனேன். அவன் மனைவி ஹேமாவதி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள், குழந்தை மடியில் தூங்கிக்கொண்டிருந்தது. அனுப்பிரியா, "என்னாலதான்க்கா, நான்தான்க்கா" என்று என் தோளில் விழுந்து அழுதாள். முதுகைத் தடவிக் கொடுத்தேன். இல்லை என்று மட்டும் சொல்லவில்லை. அவளைச் சஸ்பெண்ட் செய்தார்கள். சார் என் வீட்டுக்கே வந்து, "நீங்க ஸ்கேலோட வந்துடுங்க மேடம், நீங்க இல்லாம முடியாது" என்றார். காப்பி கொடுத்தேன். அடுத்த திங்கட்கிழமையிலிருந்து போய்க்கொண்டிருக்கிறேன்.

இதோடு நானும் பேசாமல் இருந்திருப்பேன். உங்கள் அறிக்கையின் கடைசி இணைப்பைப் படிக்கும்வரை, அவன் ஏன் கூப்பிடவில்லை என்பது எனக்குத் தெரியாது. கசிவு இருந்த இயந்திரத்தை ஓட்டுகிற துரைராஜின் சாட்சியம் அது. அவர் பேசியபடியே பதிவு செய்திருக்கிறீர்கள், அதற்கு நன்றி.

"இன்னாபா, புது மாடலாச்சே, ஒரு தபா ஆபீசுக்குப் போனைப் போட்டுக் கேட்டுக்கோயேன்னு நான் சொன்னேன் சார். அதுக்கு அந்தத் தம்பி, மொத குட்த்த பேப்பர்ல வெயிட் பண்ணணும்னு போட்டிருந்தாங்கண்ணா, இப்ப புக்குல அத்த எடுத்துட்டாங்க, அப்போ மிஷின்லயே மாத்திட்டாங்கன்னு அர்த்தம், எங்க மேடம் காரணம் இல்லாம ஒரு வரியக்கூட எடுக்கமாட்டாங்கன்னுச்சு. சொல்லிகினே ஸ்பேனரப் போட்டுச்சு."

அவன் சொன்னது சரி. காரணம் இல்லாமல் ஒரு வரியைக்கூட நான் எடுத்ததில்லை. அதையும் நான்தான் எடுத்தேன், தெரிந்தே எடுத்தேன். எனவே 'கவனக்குறைவால்' என்ற சொல்லை நீக்கிவிட்டு இதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அனுப்பிரியாவை வேலையில் திரும்பச் சேர்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஜெபத்தில் அவளை மன்னித்துவிட்டேன். சக்திவேலைத்தான் இன்னும் மன்னிக்க முடியவில்லை. எத்தனையோ அற்பப் பிழைக்கெல்லாம் என்னைக் கூப்பிட்டவன், அன்றைக்கு ஒரு போன் செய்திருக்கலாம்.