திரை இல்லாத கேமரா

ஓரிக்கை போகும் பேருந்தில் எனக்கு முன் இருக்கையில் கல்யாணத்துக்குப் படம் எடுக்கும் இருவர். ஒருவருக்கு நரைத்த மீசை, மற்றவருக்குத் தடித்த கண்ணாடி.

"புது கேமராவுல பின்னாடி ஸ்கிரீனையே எடுத்துட்டாங்கப்பா," என்றார் மீசைக்காரர். "ஒரு பழைய கேமரா கம்பெனிதான். மீட்டிங் போட்டு முடிவு பண்ணாங்களாம். எடுத்த படத்தை வீட்டுக்குப் போய்த்தான் பாக்கணும்."

"மூளை கெட்டுப் போச்சா அவங்களுக்கு? அதை எவன் வாங்குவான்?"

"நேத்து பிள்ளையார்பாளையம் கல்யாணத்துல பொண்ணோட அத்தை என்னா பண்ணாங்க?"

கண்ணாடிக்காரர் பெருமூச்சு விட்டார். "ஒவ்வொரு படத்துக்கும் ஓடியாந்து பாத்துக்கினே இருந்தாங்க. தாலி கட்ன படத்துல என் புடவை ஜரிகை தெரியல, அழிச்சிட்டு மறுபடி கட்டச் சொல்லுன்னாங்க."

"அந்தக் கம்பெனி மேனேஜரும் எங்கியோ கல்யாணத்துல போட்டோ எடுத்திருப்பாருப்பா. இன்னிக்கு ரிசப்ஷனுக்கும் அத்தை வருவாங்க."

கண்ணாடிக்காரர் மடியில் இருந்த கேமராவைத் திருப்பி அதன் திரையையே பார்த்துக்கொண்டு வந்தார். ஓரிக்கையில் இறங்கியதும் மண்டபத்துக்குப் போகாமல், எதிரே இருந்த எலக்ட்ரிக்கல் கடையில் அகலமான கருப்பு டேப் ஒன்று கேட்டார்.