மலையேறிய சோப்பு டப்பா

மனைவி: இப்ப எதுக்கு நிறுத்துனீங்க?

தையல்காரர்: இன்ஜின் சூடாயிடுச்சு.

மனைவி: எது, நம்ம வண்டியா? நீங்க சூடாகாத நாள் கிடையாது. இது சூடான நாள் கிடையாது.

தையல்காரர்: அதுக்கும் வயசாச்சுல்ல... கொஞ்சம் மூச்சு வாங்கட்டும்.

மனைவி: நல்லா இருக்கே! மலை மேல ஆஸ்பத்திரியில பொண்ணு வலியில துடிக்கிறா. மாப்பிள்ளை போன் மேல போன் போடுறார். இங்க வண்டி மூச்சு வாங்கணுமாம்.

தையல்காரர்: பதறாதே. மழை பெஞ்ச பாதை. அங்க பாரு, அவ்ளோ பெரிய வண்டியே முதல் வளைவுல சிக்கிக்கிட்டு நிக்குது.

மனைவி: எந்த வண்டி?

தையல்காரர்: அதோ... வெள்ளையா.

மனைவி: அது மஞ்சள் வண்டிங்க.

தையல்காரர்: வெயில் படுறதுல... அப்படித் தெரியுது.

மனைவி: எங்க இருக்கு வெயில்?

தையல்காரர்: அட, நை நைன்னு பேசாம உட்காரேன். மேல போற வண்டி ஏதாவது வந்தா கேட்டு ஏறிக்கலாம்.

மனைவி: இதை இங்க விட்டுட்டா? டிக்கி நிறைய தொட்டிலும் துணிமணியும் கிடக்கு. நகருங்க.

தையல்காரர்: எங்க நகர?

மனைவி: இந்தப் பக்கம். நான் ஓட்டுறேன்.

தையல்காரர்: நீயா! இது தையல் மிஷின் இல்லம்மா, காலை வச்சு ஆட்டுறதுக்கு.

மனைவி: தெரியும். அதுல ஒரு பெடல், இதுல மூணு. இறங்குங்க.

தையல்காரர்: ஏய்... நிஜமாவே... அட, சாவியைத் திருப்பிட்டாளே!

மனைவி: பெல்ட்டைப் போடுங்க.

பெரிய வண்டிக்காரர்: அம்மா, அம்மா! நிறுத்துங்க. அந்தப் பக்கம் ஒரே சேறு. என் வண்டியே ஏற மாட்டேங்குது, இந்த டப்பா எங்கம்மா ஏறும்?

மனைவி: கொஞ்சம் தள்ளி நில்லுங்க தம்பி.

தையல்காரர்: இல்ல, அவர் சொல்றதும்...

மனைவி: நீங்க வாயைத் திறக்கக் கூடாது. முதல் கியர்... மிதிச்சு அழுத்துனா முறைச்சுக்கும். மெதுவா விடணும்...

தையல்காரர்: வழுக்குது! வழுக்குது!

மனைவி: வழுக்கலைங்க. பிடிமானம் தேடுது. ஆங்... கிடைச்சுடுச்சு பாருங்க.

பெரிய வண்டிக்காரர்: அடேங்கப்பா! என்ன வண்டிம்மா இது?

தையல்காரர்: குடும்ப வண்டி தம்பி! குடும்ப வண்டி! மேல போய் ஆள் அனுப்புறோம்!

மனைவி: போதும், தலையை உள்ள இழுங்க.

தையல்காரர்: இந்தா, கண்ணாடியையும் ஏத்திட்டேன்... அட!

மனைவி: என்ன ஆச்சு?

தையல்காரர்: இல்ல... இத்தனை வருஷத்துல இந்தச் சீட்டுல நான் உட்கார்ந்ததே இல்லை. இவ்ளோ அமைதியாவா போகும் இது? நம்பவே முடியலை.

மனைவி: ஸ்டீயரிங்கைப் பிடிச்சா உங்களுக்கு எது காதுல விழுந்துச்சு?

தையல்காரர்: வாங்குனப்ப ஒருத்தராச்சும் நல்ல வார்த்தை சொன்னாங்களா? சோப்பு டப்பாவுக்குச் சக்கரம் வச்ச மாதிரி இருக்குன்னார் உங்க அண்ணன்.

மனைவி: அவர் வாங்குன பளபளா வண்டி, பழைய இரும்புக்குப் போய் எத்தனையோ காலமாச்சு.

தையல்காரர்: விக்கலைன்னு கம்பெனிக்காரனே செய்யறதை நிறுத்திட்டான். பார்க்க ஒண்ணுமில்லை. பேரு சொன்னா யாருக்கும் தெரியாது. ஆனா நடுரோட்டுல நம்மளை விட்டுச்சா? சொல்லு, ஒரு நாளாச்சும் விட்டுச்சா?

மனைவி: பெரியவனுக்குக் காய்ச்சல் தூக்கிப் போட்டப்ப, தெருவெல்லாம் வெள்ளம்... கதவு வரைக்கும் தண்ணி. முனகிக்கிட்டே நீந்திப் போச்சே!

தையல்காரர்: அன்னைக்கு அவனை டாக்டர்கிட்ட கொடுத்துட்டு வெளிய வந்து, யாரும் பார்க்காதப்ப இதோட நெத்தியைத் தடவிக் கொடுத்தேன்.

மனைவி: நான் பார்த்தேன்.

தையல்காரர்: பார்த்தியா?... மெதுவா, மெதுவா. வளைவு வருதா?

மனைவி: வருது. ரெண்டாவது கியர். ஐயோ, அங்க பாருங்க... மேகம் நமக்குக் கீழ போயிடுச்சுங்க!

தையல்காரர்: கீழயா... அவ்ளோ உசரம் வந்துட்டோமா? இந்தச் சின்ன இன்ஜினை வச்சுக்கிட்டா?

மனைவி: போன் அடிக்குது, எடுங்க.

தையல்காரர்: மாப்பிள்ளை... ஆங், வந்துட்டோம்... என்னது? எப்போ?... ரெண்டு பேரும் நல்லா இருக்காங்களா?... சரி... சரி மாப்பிள்ளை... ஏய், பேத்திடி! பொண்ணும் நல்லா இருக்காளாம்!

மனைவி: பேத்தியா! என் தங்கமே!

தையல்காரர்: அழாதே, ரோட்டைப் பாரு!

மனைவி: நான் அழல. நீங்கதான் அழறீங்க. இறங்குங்க, ஆஸ்பத்திரி வந்தாச்சு.

தையல்காரர்: இரு... யாரு உனக்கு இப்படிக் கத்துக் கொடுத்தா?

மனைவி: என் தங்கச்சிதான். பஸ் ஓட்டுறவளுக்கு இது பொம்மை. நீங்க கடைக்கு நடந்து போனதும் வந்துடுவா. லைசென்ஸும் வாங்கிட்டேன்.

தையல்காரர்: எதுக்கு இந்தத் திருட்டு வேலை?

மனைவி: நீலச் சட்டையில கறுப்பு நூல் போட்டு பட்டன் தைச்சிருந்தீங்க. இஸ்திரி போட எடுத்தப்ப பார்த்தேன். அதைப் பிரிச்சு நானே தைச்சேன். அப்புறம் எத்தனையோ சட்டை... உங்க கண்ணு போய்க்கிட்டிருக்குன்னு தெரிஞ்சுதுங்க. நீங்களா சொல்வீங்கன்னு பார்த்தேன். அதுவரைக்கும் சும்மா உட்கார்ந்திருக்க முடியலை.

தையல்காரர்: இனி ஓட்டவே கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டார்... உன்கிட்ட சொல்ல வாய் வரலைம்மா. சாயங்காலம் வந்தா டிரைவர் சீட்டு ஒரு சாண் முன்னாடி நகர்ந்திருக்கும், பெட்ரோலும் குறைஞ்சிருக்கும். நீ கத்துக்கிறது பாதியில நின்னுடக் கூடாதேன்னு, கேன்ல வாங்கிட்டு வந்து நான்தான் ஊத்தி வச்சுக்கிட்டு இருந்தேன்.