பதினாலாம் நம்பர் ஜெர்ஸி

ஹலோ... ஹலோ, வெர்னாவா?... நான்தான்டி, ஆர்லிஸ்... ஆமா, ஆமா, உயிரோடதான் இருக்கேன்... இங்கேயும் பனிதான். எங்க வீட்டுக்காரர் காலையிலேர்ந்து வாசல்ல வாரிக் கொட்டிக்கிட்டிருக்கார்... கேளு, சனிக்கிழமை நீ வர்றேல்ல?... அதான்டி, யுனிவர்சிட்டிக்கு. நம்ம பொண்ணுங்க பாஸ்கெட்பால் டீம் ஆரம்பிச்சு அம்பது வருஷமாச்சு, வரலாறு புத்தகம் போடறாங்க. என் பதினாலாம் நம்பர் ஜெர்ஸிய கௌரவமா ஜிம் கூரையில தொங்கவிடப் போறாங்க... இல்ல, வாழ்த்தாதடி. வாழ்த்தாத.

எதுக்குன்னா... எழுபத்திமூணுல ஒரே மேட்ச்ல இருபத்தேழு பாயின்ட் எடுத்தேனாம். ஆபீஸ்ல கெல்சின்னு ஒரு பொண்ணு, பழைய ஸ்கோர் புக்கைத் தேடி எடுத்திருக்கா... எந்த மேட்ச்னு தெரியுதில்ல?... வெர்னா?

ஆமா. அந்த மேட்ச்தான்.

...குறுக்க பேசாத, விட்டா எனக்கு வாய் வராது. பன்னெண்டு பேருக்கு எட்டு ஜெர்ஸி, அதுவும் பசங்க கழிச்சுப் போட்டது. இடைவேளையில என் கணுக்கால் பிசகிடுச்சு. வேர்வையோட என் ஜெர்ஸியக் கழட்டி உன்கிட்ட குடுத்தேன், நீ போட்டுக்கிட்டு இறங்கின... ஆமா, நாத்தம்தான், சிரிக்காத... ஸ்கோர் எழுதினவ நம்பரை மட்டும்தான் பார்த்தா. நான் எடுத்த பாயின்ட் எட்டு. மீதி பத்தொம்பதும் உன்னுது. மறுநாள் பேப்பர்ல என் பேர். அப்பா அதைக் கத்தரிச்சுக் கடையில ஒட்டினார்... பயமா? பயமில்லடி. எனக்குப் பிடிச்சிருந்தது. அந்தத் துண்டைக் காட்டித்தான் கோச் வேலையே வாங்கினேன். நீ ஒரு வார்த்தை கேக்கல. நீ கேக்கலைங்கிறதையே சாக்கா வச்சுக்கிட்டேன்...

ம்... உன் பொண்ணா?... 'நீ ஒரு பாயின்ட்கூட எடுத்ததில்லையாம்மா'ன்னு கேட்டாளா?... நீ என்ன சொன்ன?... ஐயோ. பெஞ்சுல உக்காந்திருந்தேன்னா சொன்ன?...

டுவைன், இருங்க! போன்ல இருக்கேன். பூட்ஸைக் கழட்டிட்டு வாங்க!

...விடுன்னு சொல்லாதடி. வெக்கத்தை விட்டுச் சொல்றேன், அதைக் கேக்கத்தான் போன் பண்ணேன். நீ விடுன்னுட்டா சனிக்கிழமை நிம்மதியா போய் நின்னுடலாம்னு பார்த்தேன். இப்ப நீ சொன்னதும்தான் உடம்பெல்லாம் கூசுது... இல்ல இல்ல, கெல்சிகிட்ட சொல்லத்தான் போறேன். புத்தகத்துல மாத்தட்டும். பேனா எடுத்துட்டேன், எப்படி எப்படிப் போட்டேன்னு சொல்லு... மறந்துடுச்சா? பொய் சொல்லாத...

ம். இடது மூலை, ரெண்டு... அந்தச் செம்பட்டைமுடிக்காரியத் தாண்டி, நாலு... மெதுவாடி, எழுதிக்கிறேன்... ஆறு... ஆமா, ஆமா, பலகையில பட்டு உள்ள விழுந்ததே... பத்து... ம்... பதினாறு... பதினெட்டு.

அவ்வளவுதானா? ஒண்ணு விட்டுட்டடி... ஃப்ரீ த்ரோ, அந்த ஒத்தை பாயின்ட். கடைசி நிமிஷம். காலை ஐஸ் வாளியில வச்சுக்கிட்டு நான்தானே கத்தினேன், 'போடு வெர்னா'ன்னு. உன் பேரைச் சொல்லித்தான்டி கத்தினேன்...

அழாத... அழாதடி. அஞ்சு மணிக்கு ஆபீஸ் மூடிடுவாங்க, கெல்சியப் பிடிக்கணும். வெர்னா லிண்ட்ஹோம்னுதானே போடச் சொல்லணும்? கல்யாணத்துக்கு முன்னாடி அதானே உன் பேரு... சரி. உன் பொண்ணையும் கூட்டிக்கிட்டு வா. வைக்கிறேன்.